அணை நீர்மட்டமும் மகளிர் நேரமும்

எங்க அம்மாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிகாரம் பார்க்கவும் தெரியாது. ஆனால் வைகை அணையில் இன்றைக்கு எத்தனை அடித் தண்ணீர் நிற்கிறது என்று கேட்டால் பட்டென்று சொல்லும். "பெரியாறு ஏறுனா கம்பத்துப் பக்கம் நடவு. வைகை ஏறுனா மருதப் பக்கம் நடவு. ரெண்டும் எறங்குனா வீட்டுல ஒல ஏறாது." இதுதான் அது படித்த படிப்பு. சொல்லிக்கொடுத்தது ரேடியோ.

வைகை அணை 1959-இல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது திறக்கப்பட்டது. அதில் தேக்கும் உயரம் 71 அடி. 66 அடி வந்தால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-க்கு இரண்டாவது, 69-க்கு மூன்றாவது. பெரியாற்றுத் தண்ணீரைக் கம்பம் பள்ளத்தாக்கின் முதல் போகத்துக்கு ஜூன் முதல் வாரத்தில் திறப்பது வழக்கம். 14,707 ஏக்கர் இருபோக நிலம். அந்த நிலத்தில் எங்கள் தெருப் பெண்களுக்கு ஒரு செண்டும் கிடையாது. நாற்றுப் பறிப்பும் நடவும் களையெடுப்பும் மட்டும் அவர்களுடையது. 1979-இல் பெரியாறு அணையின் மட்டத்தை 136 அடிக்குக் குறைத்தபோது விவசாயி இழந்தது எவ்வளவு என்று எல்லாரும் கணக்குப் போட்டார்கள். நடவுக்காரிக்குக் குறைந்துபோன கூலிநாளை யார் கணக்குப் போட்டார்கள்?

ஆக, எங்கள் தெருவில் பெண்களுக்கான வானொலி நிகழ்ச்சி என்றால் அது அணை நீர்மட்டம்தான். ஆனால் வானொலி நிலையம் 'பெண்களுக்கான நிகழ்ச்சி' என்று பேர் வைத்து ஒலிபரப்பியது வேறொன்று. அந்த வேறொன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெண்களுக்கு, குழந்தைகளுக்கு, பக்தர்களுக்கு என்று வானொலி தன் நேயர்களைப் பிரித்ததே, அந்தப் பிரிவில் சேரிப் பெண் எங்கே இருந்தாள்? சேரிக் குழந்தை எங்கே இருந்தது? சேரியின் சாமி எங்கே இருந்தது?

1

வரலாற்றை முதலிலிருந்து பார்ப்போம். சென்னையில் 1924-இல் சி.வி.கிருஷ்ணசாமிச் செட்டி முதலானோர் சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கினார்கள். பணமில்லாமல் 1927-இல் அது மூடப்பட்டது. கருவியை வாங்கிக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 முதல் தானே ஒலிபரப்பியது. மாலையில் இசை. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி. பள்ளி நாட்களில் நான்கு மணிக்கு மாநகராட்சித் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் பாட்டும் கதையும்.

இந்தக் கடைசிச் செய்தியைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளி என்பது ஏழைப் பிள்ளைகள் படித்த பள்ளி. 1920-இல் ஆயிரம் விளக்கில் மதிய உணவு போடத் தொடங்கியது அப்படிப்பட்ட பள்ளியில்தான். தமிழ் நாட்டின் முதல் குழந்தைகள் ஒலிபரப்பு, வீட்டில் ரேடியோ வைத்திருந்த பிள்ளைகளுக்காக நடக்கவில்லை. பள்ளியில் கூட்டமாக உட்கார்ந்து கேட்ட பிள்ளைகளுக்காக நடந்தது.

பிறகு அகில இந்திய வானொலி வந்தது. சென்னை நிலையம் 1938 ஜூன் 16-இல், திருச்சி நிலையம் 1939 மே 16-இல். மதுரைக்கு நிலையம் வர 1980-களின் பிற்பகுதி ஆயிற்று. அதுவரை எங்கள் பள்ளத்தாக்கு கேட்டது திருச்சியும் இலங்கையும். வீட்டில் ரேடியோ வைக்க அஞ்சலகத்தில் பணம் கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டும். பெட்டியின் விலையோ ஒரு பண்ணையாளின் பல மாதக் கூலி. எனவே ரேடியோ வீட்டுக்கு வந்தபோது அது வீடு உள்ளவன் வீட்டுக்குத்தான் வந்தது.

வீடில்லாதவனுக்கு அரசாங்கம் பஞ்சாயத்து ரேடியோ கொடுத்தது. எங்கே வைத்தார்கள்? எங்கள் ஊரில் சாவடிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். சாவடி ஊருக்குள் இருந்தது, நாங்கள் ஊருக்கு வெளியே இருந்தோம். கம்பத்தில் கட்டிய குழாயிலிருந்து சத்தம் காற்றடிக்கும் திசையைப் பொறுத்து எங்கள் தெருவுக்கு வரும், வராமலும் போகும். "மேகாத்து அடிச்சா நல்லாக் கேக்கும்" என்று அம்மாச்சி சொல்லும். சாவடித் திண்ணையில் உட்கார்ந்து கேட்க அதற்கு உரிமை இல்லை. அரசாங்கத்தின் குரலைக் கேட்பதற்கும் எங்கள் ஆட்கள் காற்றை நம்ப வேண்டியிருந்தது.

2

பெண்கள் நிகழ்ச்சிக்கு வருவோம். வானொலியில் மகளிர் நிகழ்ச்சி பெரும்பாலும் பகல் நேரத்தில் வரும். கணவன் அலுவலகம் போய்விட்டான், பிள்ளை பள்ளிக்கூடம் போய்விட்டது, சமையல் முடிந்தது, இனி அவளுக்கு ஓய்வு. இப்படி ஒரு பெண்ணை மனதில் வைத்துத்தான் அந்த நேரத்தைக் குறித்தார்கள். சமையல் குறிப்பு, தையல், குழந்தை வளர்ப்பு, கைவைத்தியம், ஒரு பாட்டு, ஒரு சிறு நாடகம். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணுக்கும் அடுப்படிதான் சிறை, அவளுக்கு ரேடியோ ஒரு சன்னல்.

ஆனால் அந்த நேரத்தில் எங்கள் பெண்கள் எங்கே இருந்தார்கள்? இடுப்பொடியச் சேற்றில் நின்றார்கள். கம்பத்திலும் கூடலூரிலும் விடியுமுன் ஜீப்பில் அடைத்துக் குமுளி மலைக்கு ஏலத்தோட்டக் கூலிக்குக் கொண்டு போவார்கள். இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். அவர்கள் வீட்டில் ரேடியோ இருந்தாலும் மகளிர் நேரத்தில் வீட்டில் மகளிர் இல்லை. பூட்டிய கதவுக்குத்தான் சமையல் குறிப்பு.

இலங்கை வானொலியில் ராஜேஸ்வரி சண்முகம் வழங்கிய 'பூவும் பொட்டும் மங்கையர் மஞ்சரி' தமிழ்நாட்டிலும் பேர் வாங்கிய நிகழ்ச்சி. அவருடைய குரலுக்கு எங்கள் பக்கத்திலும் மயங்காத ஆள் கிடையாது. ஆனால் அந்தப் பேரைப் பாருங்கள். பூவும் பொட்டும் வைத்தவள்தான் மங்கை என்று யாரும் வேண்டுமென்று சொல்லவில்லை, பேரே சொல்லிவிட்டது. அம்மாச்சி இருபத்தெட்டு வயதில் தாலியறுத்தது. அதனிடம் இந்த நிகழ்ச்சியைப் பற்றிக் கேட்டேன். "பேரச் சொல்லும்போது ஒரு மாதிரியா இருக்கும்த்தா. அப்பறம் அந்தப் பிள்ள பேசுனா எல்லாம் மறந்துரும்" என்றது. நம் பெண்கள் ஊடகத்தை எப்படிக் கேட்டார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டியதில்லை. தங்களுக்கு இல்லாததையும் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள்.

உழவர் நிகழ்ச்சியின் கதையும் இதுதான். 1956-இல் பூனா வட்டாரத்தில் சோதனை செய்து பார்த்த வானொலிக் கிராம மன்றங்களை, வைகை அணை திறந்த அதே 1959-இல் நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். பிறகு 'வீடும் வயலும்' வந்தது. தஞ்சையில் ஏ.டி.டி. 27 என்ற நெல் வானொலியால் பரவி 'ரேடியோ நெல்' என்றே பேர் எடுத்தது. விதை பற்றிச் சொன்னார்கள், உரம் பற்றிச் சொன்னார்கள். அந்த நெல்லை நட்டவளின் கூலி பற்றிச் சொல்லவில்லை. அதே தஞ்சை மாவட்டத்தில் கூலி உயர்வு கேட்டதற்காக 1968 டிசம்பர் 25-ஆம் தேதி கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். வீடும் இல்லாத, வயலும் இல்லாத பெண்ணுக்கு 'வீடும் வயலும்' என்ன சொல்லியிருக்க முடியும்?

3

குழந்தைகள் நிகழ்ச்சியில் ஒரு 'வானொலி அண்ணா' வருவார். சென்னை நிலையத்தில் கூத்தபிரான் அந்தப் பேரோடு தலைமுறைகளுக்கு அறிமுகமானவர். பிள்ளைகளுக்காக உழைத்தவர், மறுப்பதற்கில்லை. நான் கேட்பது உறவுமுறையைப் பற்றி. எங்கள் பக்கத்தில் யாரும் அண்ணனை 'அண்ணா' என்று கூப்பிட மாட்டார்கள். 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார்கள். வானொலி பிள்ளைகளுக்குக் கதை மட்டும் சொல்லவில்லை, எந்தத் தமிழில் கூப்பிட்டால் ஒரு பிள்ளை நல்ல பிள்ளை என்றும் சொல்லிக்கொடுத்தது. நான் நான்காவது படிக்கையில், கோடைப் பண்பலையைக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் வீட்டில் 'அண்ணா' என்று கூப்பிட்டேன். எங்க அண்ணன் திரும்பிப் பார்த்து, "யாரு வீட்டுப் பிள்ளடி நீ?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பின்னாளில் எம்.ஏ. தமிழ் படித்து வட்டார வழக்கு என்று பாடமாக வந்தபோதுதான் அந்த அழுகைக்கு அர்த்தம் தெரிந்தது.

வானொலியில் எங்கள் தமிழ் வராமல் இல்லை. கிராமிய நிகழ்ச்சியில் வெள்ளந்தியான ஆள் ஒருவர் வருவார். அவர் பேசுவது கொச்சை, அவருக்கு விளக்கம் சொல்பவர் பேசுவது நல்ல தமிழ். கேட்கிறவன் கொச்சை, சொல்கிறவன் செம்மை. இந்த அமைப்பைக் குழந்தையும் புரிந்துகொள்ளும்.

கலையிலும் இதுவேதான். உழைக்கும் பெண்ணின் குரல் வரவில்லை என்று சொல்ல முடியாது. கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடி அறியப்பட்டவர். அதற்குப் பிறகுதான் 1985-இல் 'ஆண்பாவம்' படத்தில் நடித்தார். ஆனால் அந்தக் குரலுக்குக் 'கிராமிய இசை' என்று ஒரு தனி அறை கொடுத்திருந்தார்கள். 'இசை' என்று அடைமொழி இல்லாமல் சொன்னால் அது கர்நாடக இசை.

4

இனி பக்தி. விடிந்தால் வானொலியில் மங்கல இசை. நாகசுரமும் தவிலும். அப்புறம் பக்திப் பாடல்கள்: இந்து, இசுலாம், கிறித்தவம் என்று மூன்று மதத்துக்கும் பங்கு. மார்கழி வந்தால் திருப்பாவையும் திருவெம்பாவையும். எம்மதமும் சம்மதம் என்பதற்கு இதைக் காட்டிப் பெருமைப்படுவார்கள்.

எங்கள் சாமி எந்த மதத்தின் பங்கில் வந்தது? வீரபாண்டி கௌமாரியம்மனுக்குச் சித்திரையில் இலட்சக்கணக்கில் சனம் கூடுகிறது. கம்பம் பள்ளத்தாக்கே அங்கேதான் இருக்கும். அக்கினிச்சட்டி எடுப்பவளுக்கு முன்னால் பறை அடிக்காமல் அவளுக்கு அருள் வராது. ஆனால் வானொலியின் மங்கலத்தில் பறை கிடையாது. பறை சாவுக்கு என்று ஊர் சொன்னது. நிலையமும் அதையே நம்பியது.

இதில் ஒரு விநோதம் உண்டு. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை வானொலிக் கச்சேரியில் தாராளமாகப் பாடுவார்கள். சேரியிலிருந்து சிதம்பரம் போக ஆண்டையிடம் அனுமதி கேட்டுக் கெஞ்சும் நந்தன் வானொலிக்குள் வரலாம். பறை அடிக்கிற நம் பாட்டன் வரக்கூடாது. பறையனைப் பற்றிப் பாடலாம், பறையைத்தான் வாசிக்கக்கூடாது.

வடிகட்டுவது என்பது அங்கே கொள்கையாகவே இருந்தது. நாடு விடுதலை பெறும் தறுவாயில் வல்லபாய் படேல் ஒலிபரப்புத் துறையைக் கவனித்தபோது, சொந்த வாழ்க்கை ஒழுக்கமாக இல்லை என்று கருதப்பட்ட பெண்களை வானொலியில் பாட விடக்கூடாது என்று உத்தரவு போனது. தலைமுறை தலைமுறையாக இசையைக் காப்பாற்றிய பெண்களின் தலையில்தான் அது விழுந்தது. பின்னாளில் வந்த அமைச்சர் பி.வி.கேஸ்கர் 1952-இல் கலைஞர்களுக்குக் குரல் தேர்வு முறையைக் கொண்டுவந்தார், சினிமாப் பாட்டையும் ஒதுக்கினார். மக்கள் இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957-இல் விவித பாரதி தொடங்கிச் சினிமாப் பாட்டைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. எது பக்தி, எது இசை, எது ஒழுக்கம் என்பதை மேலே உட்கார்ந்து ஒரு சிலர் தீர்மானித்தார்கள். கீழே இருந்தவர்கள் பெட்டியைத் திருகிப் பதில் சொன்னார்கள்.

அகில இந்திய வானொலியின் வரலாற்றில் நான் மதிக்கிற ஒரு மத ஒலிபரப்பு உண்டு. 1954 அக்டோபர் 3-இல் அண்ணல் அம்பேத்கர் தன் தத்துவத்தைப் பற்றி அதில் பேசினார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்றையும் தான் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து எடுக்கவில்லை, புத்தரிடமிருந்து எடுத்ததாகச் சொன்னார். அதன் வேர் அரசியலில் இல்லை, மதத்தில் இருக்கிறது என்றார். 1956 மே 12-இல் லண்டன் பி.பி.சி.யில் பவுத்தம் தனக்கு ஏன் பிடித்திருக்கிறது என்று பேசினார். அந்த அக்டோபரில் நாக்பூரில் இலட்சக்கணக்கானோரோடு பவுத்தம் தழுவினார். பக்தி ஒலிபரப்பு என்பது கேட்பவனைக் கும்பிட வைப்பது மட்டுமல்ல, யோசிக்க வைப்பதாகவும் இருக்க முடியும் என்பதற்கு அந்தச் சில நிமிடங்கள் சாட்சி.

கிறித்தவம் தழுவிய நம் மக்களுக்குச் சிற்றலை ஒரு தனி உலகம். வத்திக்கான் வானொலியும் மணிலாவிலிருந்து வந்த வேரித்தாசும் தமிழில் பேசின. இராயப்பன்பட்டிப் பக்கத்து உறவினர் ஒருவர் வேரித்தாசுக்குக் கடிதம் எழுதுவதை ஞாயிறு பூசை போலத் தவறாமல் செய்வார். பதில் வரும், படம் வரும், நாட்காட்டி வரும். கோயிலில் தனி வரிசையில் உட்கார வைக்கப்பட்டவருக்குக் கடல் தாண்டி ஒருவர் 'அன்பு நேயரே' என்று எழுதினால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

5

கடிதம் என்றதும் எங்க மாமாவின் கதையைச் சொல்லியாக வேண்டும். அம்மாவின் தம்பி. 1970-களின் கடைசியில் இலங்கை வானொலியின் நேயர் விருப்பத்துக்கு எழுதிப் போட்டார். தபால் அட்டையில் காலனி என்று எழுதவில்லை. பேரும் ஊரும் மட்டும் எழுதினார். சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் அவர் பேர் வந்துவிட்டது. ஊர் டீக்கடையில் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். "யாருப்பா இது? நம்ம ஊரு பேரு சிலோன்ல வந்துருச்சே!" என்று ஒரு பெரியவருக்கு ஒரே பெருமை. யார் என்று விசாரித்துத் தெரிந்ததும் அந்தப் பெருமை அடங்கிப்போயிற்று. "அவனா? அவனுக்கு எதுக்கு இந்தச் சோலி?"

மறுநாள் மாமா டீக்கடைக்குப் போயிருக்கிறார். அவருக்கென்று கூரையில் செருகி வைத்திருக்கும் கிளாசை எடுத்துக் கழுவிக் கொடுத்திருக்கிறார். டீ ஊற்றினார்கள். ரேடியோவை மட்டும் அமத்திவிட்டார்கள். அவர் குடித்து முடித்துப் போகும்வரை அது பாடவில்லை.

"அடிச்சிருந்தாக்கூட மறந்திருப்பேன்" என்று மாமா இன்றைக்கும் சொல்கிறார். அதற்குப் பிறகு ஏலத்தோட்டத்தில் இரண்டு சீசன் கூலி வேலை பார்த்து ஒரு டிரான்சிஸ்டர் வாங்கினார். எங்கள் தெருவின் முதல் ரேடியோ அதுதான். அதில்தான் அம்மாச்சி அணை மட்டம் கேட்டது. நடவு வரப்பில் வைத்துப் பெண்கள் பாட்டுக் கேட்டார்கள். பகலில் வீட்டில் இல்லாதவர்கள் ரேடியோவை வயலுக்குக் கொண்டுபோனார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கில் ரேடியோ என்றால் நினைவுக்கு வரவேண்டிய இன்னொரு பெண் பண்ணைப்புரத்துச் சின்னத்தாய். மகன்கள் சென்னைக்குப் போகப் பணமில்லாதபோது வீட்டிலிருந்த ரேடியோவை நானூறு ரூபாய்க்கு விற்றுக் கொடுத்தார் என்று இளையராஜாவே சொல்லியிருக்கிறார். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. கர்நாடக இசைக்கும் கிராமிய இசைக்கும் நடுவே போட்டு வைத்திருந்த தடுப்பை அந்தப் பாட்டுகள் எப்படி உடைத்தன என்று எல்லா ரேடியோவும் சொல்லியது. எந்த மகளிர் நிகழ்ச்சியும் அந்தத் தாய்க்காக ஒலிபரப்பப்பட்டதில்லை. ஆனால் பல ஆண்டுகள் எல்லா ரேடியோவிலும் ஒலித்தது அந்த விற்ற ரேடியோவின் பலன்.

6

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. நாம் ஏன் நமக்கென்று வானொலி நடத்தவில்லை? 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழ் தொடங்கினார். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். அச்சகமும் காகிதமும் இருந்தால் பத்திரிகை நடத்த முடிந்தது. அலை அப்படியல்ல, 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் அதை அரசாங்கத்தின் கையில் வைத்திருந்தது. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1995 பிப்ரவரி ஆயிற்று. தொண்டு நிறுவனங்களும் சமூக வானொலி நடத்தலாம் என்று 2006-இல்தான் அனுமதித்தார்கள்.

அனுமதித்தபின் என்ன நடந்தது என்று பாருங்கள். 2008 அக்டோபர் 15-இல் அன்றைய ஆந்திராவின் மேடக் மாவட்டத்தில், சாகீராபாத் அருகே, சங்கம் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. தக்காண வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த தலித் பெண் விவசாயிகளின் நிலையம். உரிமம் கிடைக்காத காலத்திலேயே ஒலிநாடாவில் பதிந்து சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டு வந்தவர்கள். நிலையத்தை நடத்திய இருவருக்கும் நரசம்மா என்றே பேர். விதை, கைவைத்தியம், பாட்டு, திருவிழா என்று தங்கள் தெலுங்கில் பேசினார்கள். எந்த நேரத்தில் தெரியுமா? இரவு ஏழு மணிக்கு மேல். காட்டு வேலை முடிந்து பெண்கள் வீடு திரும்பி அடுப்பு மூட்டுகிற நேரம். பெண்களுக்கான நிகழ்ச்சி எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

தோழர்களே, வானொலியின் வரலாற்றை நிலையங்களின் ஆண்டுமலரிலிருந்து எழுதினால் அதில் நாம் இருக்க மாட்டோம். கேட்டவர்களிடமிருந்து எழுத வேண்டும். உங்கள் வீட்டு அம்மாச்சியிடம், அப்பத்தாவிடம் கேளுங்கள். எங்கே நின்று ரேடியோ கேட்டாய், யார் துரத்தினார்கள், எந்தக் குரல் பிடித்தது, எது உனக்கென்று தோன்றியது என்று கேளுங்கள். கேட்டு எழுதி வையுங்கள். அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது.

அம்மாச்சி இப்போது வேலைக்குப் போவதில்லை. காதும் மந்தம். அணை மட்டம் என் செல்பேசிக்கே வந்துவிடுகிறது. போன வாரம் நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எம்புட்டு நிக்கிது?" என்று கேட்டது. சொன்னேன். விரலை மடக்கிக் கணக்குப் பார்த்துவிட்டு, "அப்ப நடவு உண்டு" என்றது.